இரண்டு சிவப்புப் புள்ளிகள்

எனக்கு அவன்மேல் வயிறு எரிய ஆரம்பித்தது கன்னடத்தில்தான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, எங்கள் மெயின்டனன்ஸ் ஆபீசர் முன்னால் நின்றுகொண்டு கன்னடம் பேசினான். கன்னடமா அது! ஆணைப் பெண்ணாக்கி, பெண்ணை மாடாக்கி, வார்த்தை கிடைக்காத இடத்தில் எல்லாம் தமிழைப் போட்டு அடைத்த ஒரு பேச்சு. பெங்களூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருகிற அந்த ஆபீசர் யாரிடமும் பல்லைக் காட்டாத மனிதர். அவர் இவன் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் பாகலூர்க்காரன். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று நினைவு தெரிந்த நாளிலிருந்து மூன்றையும் பேசுகிறவன். தப்பே இல்லாத கன்னடத்தில் நான் ஸ்பேனர் கேட்டால், அதோ இருக்கு எடுத்துக்கோ என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

இது தொண்ணூறுகளின் நடுவில். டிராக்டர்களுக்கு இரும்புப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நாங்கள் ஆறு பேர் ஒரு வருடப் பயிற்சியில் இருந்தோம். வருடம் முடிந்தால் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வருடம் மட்டும் ஒருவனை நிரந்தரமாக எடுத்துக்கொண்டு எலக்ட்ரானிக்ஸ் ரூமில் போடப்போவதாக ஆபீசர் சொன்னார். அதற்கு ஒரு பரீட்சையும் வைத்தார். டிரில்லிங் மெஷினில் தகட்டை வைக்கும்போது டிரில் எந்த இடத்தில் இறங்கும் என்று ஒரு சிவப்புப் புள்ளி விழுந்து காட்டவேண்டும். லேசர் டயோடு, அதற்கு மின்சாரம் கொடுக்கிற டிரைவர் சர்க்யூட், எல்லாம் நாங்களே செய்யவேண்டும். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, நல்ல நாளில், மெஷினில் மாட்டிக் காட்டவேண்டும். நாலு பேர் அப்போதே நமக்கு ஆகாது சாமி என்று கும்பிடு போட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்தது நானும் அவனும்.

எனக்கு அந்த வேலை வேண்டும். அப்பா ஊரில் அடுத்தவன் முட்டைக்கோஸ் தோட்டத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டோடு நானும் அதே தோட்டத்தில் போய்க் குனிந்து நிற்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசும். அவனுக்கும் வேண்டும்தான். "இது இல்லன்னா எனக்கு ஊர்ல தீப்பெட்டி ஆபீஸ்தான் மாப்ள, எங்க அம்மா பக்கத்துல உக்காந்து குச்சி அடுக்க வேண்டியதுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். அவனுக்கு எல்லாமே சிரிப்புதான். எனக்கு அதுவும் பிடிக்காது.

அவனை என் வீட்டுக்குக் கூட்டிவந்ததே நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். அவன் அறையில் ஏழு பேர், மேசை கிடையாது, சால்டரிங் அயர்ன் கிடையாது. ஐயோ பாவம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். வந்தவன் வாசலில் நின்ற என் அம்மாவிடம் எடுத்த எடுப்பில் தெலுங்கில் பேசினான். அவன் ஊர்ப் பக்கம் தெலுங்கு பேசுகிற வீடுகள் ஏராளமாம், அவன் வீடும் அப்படித்தானாம். அது என்ன தெலுங்கோ, பாதி வார்த்தை எங்களுக்குப் புரியாது. அம்மாவுக்கு அது ஒரே கொண்டாட்டம். அவன் ஒன்று சொல்ல, இவள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. மத்தியானம் களி போட்டாள். என் தட்டில் விழுந்த உருண்டையையும் அவன் தட்டில் விழுந்ததையும் பார்த்தேன். அவனுடையது பெரிது. சத்தியமாகப் பெரிது.

"என்னாம்மா, எனக்கு மட்டும் எலந்தப்பழம் மாதிரி வெச்சிருக்கற?" என்றேன்.

"பாவம்டா, ஊர் விட்டு ஊர் வந்த புள்ள" என்றாள்.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். லேசர் டயோடு என்பது உளுந்து அளவு இருக்கும், மூன்று கால். கொஞ்சம் மின்சாரம் குறைந்தால் சாதாரண பல்பு மாதிரி மங்கலாகச் சிவக்கும். சரியான அளவு வந்ததும் சட்டென்று கூர்மையாகப் பாயும். அதற்குமேல் கொஞ்சம் கூடினாலும் போச்சு. எங்களிடம் இருந்த டயோடு முப்பத்தைந்து மில்லி ஆம்பியரில் அருமையாக எரியும், நாற்பதைத் தாண்டினால் செத்துவிடும். செத்தாலும் அணையாது, மங்கலாகச் சிவந்துகொண்டே கிடக்கும். புதிதாகச் செய்கிறவன் அதைப் பார்த்துவிட்டு உயிர் இருக்கிறது என்று ஏமாந்துபோவான். நானும் ஏமாந்தேன்.

பெங்களூருக்குப் போய்ப் பழைய சாமான் விற்கிற தெருவில் நாலு டயோடு வாங்கிவந்தேன். முதல் டயோடை ஒரு ரெசிஸ்டர் போட்டு நேராக பாட்டரியில் கொடுத்தேன். கண் சிமிட்டும் நேரம் சுவரில் ஒரு புள்ளி, அப்புறம் மங்கல். அதற்குப் பிறகுதான் மூன்று கால் ரெகுலேட்டரை வைத்து மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகிற சர்க்யூட்டை ஒரு பத்திரிகையில் பார்த்துப் போட்டேன். பக்கத்தில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்க ஒரு கெப்பாசிட்டர், திருகிக் கூட்டிக் குறைக்க ஒரு பிரீசெட். எல்லாம் சரியாகத்தான் போட்டேன். ஆனால் பவரை முதலில் கொடுத்துவிட்டு, டயோடை அப்புறம் சேர்த்தேன். கெப்பாசிட்டரில் நிரம்பிக் காத்திருந்தது மொத்தமும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. இரண்டாவதும் போச்சு. கையைக் கட்டிலில் குத்தினேன்.

அவன் இதையெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் இருந்தது இரண்டே டயோடு. இரண்டையும் வெள்ளிக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தான், வெளியே எடுக்கவே இல்லை. என் சர்க்யூட்டைப் பார்த்து அதே மாதிரி ஒன்று போட்டான். லேசர் வரவேண்டிய இடத்தில் நாலு சாதாரண டயோடை வரிசையாகச் சேர்த்துச் சால்டர் செய்தான். மீட்டரை நடுவில் கோர்த்தான். திருகித் திருகி முப்பத்தைந்தில் நிறுத்தினான். பவரை எடுத்தான், போட்டான், எடுத்தான், போட்டான். முள் முப்பத்தைந்தைத் தாண்டவே இல்லை.

"இது நாடகம் மாப்ள. மொதல்ல பொம்மைய வச்சு ஒத்திகை. ராசாவ கடேசில கூப்பிட்டுக்கிடலாம்" என்றான்.

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? இரண்டு டயோடைக் கொன்ற பிறகும் ஏன் தோன்றவில்லை? வீடு என் வீடு, சால்டரிங் அயர்ன் என்னுடையது, சர்க்யூட் நான் கண்டுபிடித்தது, புத்தி மட்டும் அவனுக்கு. கடைசியில், உடம்பில் தேங்கிய மின்சாரம் டயோடைத் தாக்காமல் இருக்கக் கையில் செம்புக் கம்பியைச் சுற்றி ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டு, அந்தக் காகிதத்தைப் பிரித்து ஒரு டயோடை வைத்தான். பவர் கொடுத்தான். எதிர்ச் சுவரில் கடுகு அளவுக்கு ஒரு புள்ளி விழுந்தது. அப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததில்லை. அம்மா ஓடிவந்து பார்த்துவிட்டு அவன் முகத்தை வழித்து நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் வெளியே போய் நின்றேன். நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய ஒத்திகையை அப்படியே திருடி என் டிரைவரைச் சரிசெய்தேன். அவனுக்குத் தெரியும். "நல்லாருக்கு மாப்ள, நல்லாருக்கு" என்றான். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் சர்க்யூட்டை அடக்கினோம். அவன் டப்பா பச்சை, என்னுடையது நீலம். முன்பக்கம் ஓட்டை போட்டு, பித்தளைக் குழாயில் டயோடை வைத்து, பட்டாணி அளவு லென்ஸ் வெளியே தெரிகிற மாதிரி மாட்டினோம். பூஜைக்கு முந்தின நாள் இரண்டையும் சுவரில் அடித்துப் பார்த்தோம். இரண்டு புள்ளிக்கும் வித்தியாசம் இல்லை. ஆனாலும் எனக்கு அவனுடையதுதான் கூடுதலாகச் சிவந்த மாதிரி தெரிந்தது. அன்று என் கண் அப்படி.

ஆயுத பூஜை அன்று மத்தியானத்தோடு மெஷின்களை நிறுத்திவிட்டுக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பூ போட்டு, பொரி கடலை வைத்துச் சாமி கும்பிடுவது எங்கள் தொழிற்சாலை வழக்கம். ஸ்பேனர், வெர்னியர், மீட்டர் எல்லாவற்றையும் ஒரு நீள மேசையில் வரிசையாக அடுக்குவோம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. இதில் மேனேஜரும் ஒன்றுதான், துடைக்கிறவரும் ஒன்றுதான். எங்கள் சோப்பு டப்பாக்களும் மேசைக்கு வந்தன. அவன் தன் டப்பா மூடியின்மேல் ஒரு சின்னப் பொட்டு வைத்தான், குண்டூசித் தலை அளவு. நான் பார்த்தேன். சாமி முன்னால் என் டப்பாதான் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று மூன்று விரலால் சந்தனத்தை அள்ளி, முன்பக்கத்தில் நெற்றியில் இடுவது போலத் தீட்டி, நடுவில் எட்டணா அளவுக்குக் குங்குமம் வைத்தேன். கொஞ்சம் லென்ஸ்மேல் வழிந்தது. கட்டைவிரலால் துடைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் பிரமாதம் என்றார்கள். எனக்கும் திருப்தியாக இருந்தது.

மறுநாள் காலை ஆபீசர், ஃபோர்மேன், தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் லைனில் இருந்து ஒரு பத்து இருபது பேர், எல்லோரும் டிரில்லிங் மெஷினைச் சுற்றி நின்றார்கள். முதலில் அவனுடையது. பவர் கொடுத்ததும் தகட்டில் சுருக்கென்று புள்ளி விழுந்தது. டிரில்லை இறக்கினார்கள், சரியாக அதே இடத்தில் துளை. கைதட்டினார்கள். அடுத்தது என்னுடையது. பவர் கொடுத்தேன். தகட்டில் வெற்றிலை எச்சில் மாதிரி ஒரு மங்கல் கறை விழுந்தது.

"என்னப்பா இது, இவ்ளோ டல்லு?" என்றார் ஆபீசர்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. மீட்டர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்து அளந்து பார்த்திருந்தால் முப்பத்தைந்து என்று காட்டியிருக்கும், குறை வேறு எங்கேயோ என்று தெரிந்திருக்கும். என் கண் முன்னால் அவனுடைய புள்ளிதான் நின்றது. அதைவிடப் பிரகாசமாக எரியவேண்டும், அவ்வளவுதான். ஸ்க்ரூ டிரைவரை விட்டு பிரீசெட்டைத் திருகினேன். கொஞ்சம் தெளிந்தது. இன்னும் திருகினேன். தெளிந்தது. இன்னும் ஒரு கால் சுற்று. சட்டென்று எல்லாம் சரிந்து, எனக்கு நன்றாகப் பழகிப்போன அந்தச் செத்த சிவப்பு வந்து நின்றது.

 யாரோ பின்னால் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். என்னைக் கெடுத்தது நான்தான்.

"சார், முந்தாநாள் நல்லா எரிஞ்சுது சார். யாரோ கை வெச்சிருக்கறாங்க" என்றேன்.

"யாரு?"

"இவன்தான் சார். எனக்குத் தெரியும். இவனுக்கு என் மேல பொறாமை."

சொன்னேன். என் வாயால், அவனைப் பார்த்து, பொறாமை என்று சொன்னேன்.

"மாப்ள, என்னடே சொல்லுத?" என்றான். அப்போதும் அவன் முகத்தில் சிரிப்பு பாதி ஒட்டிக்கொண்டிருந்தது, நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டான் போல. ஆபீசர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு விசாரித்தார். "ஆமா சார், நேத்து எல்லாரும் போனப்பறம் இந்தத் தம்பி திரும்பி உள்ள போச்சு" என்றார் வாட்ச்மேன்.

"டிபன் பாக்ஸ மறந்துட்டேன் சார், எடுக்கப் போனேன்" என்றான் அவன்.

"இவன் டப்பாவைத் தொட்டியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் தப்பித்திருப்பான். பார்த்தவர் யாரும் கிடையாது. 

"தொட்டேன் சார். அவன் டப்பா மேல இருந்த பூ சரிஞ்சு கீழ கெடந்துச்சு. எடுத்து வச்சேன். வேற ஒண்ணும் செய்யல சார்."

பூஜையில் வைத்ததைத் தொட்டான் என்றதுமே கூட்டம் மாறிவிட்டது. அவன் ஜோக்குக்குத் தினமும் சிரிக்கிறவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "சாமிக்கு வெச்சத தொடுவாங்களா? மனசுல ஏதோ இருந்திருக்குது" என்றார் ஃபோர்மேன். ஆபீசர் அவனிடம் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கை சுத்தம் இல்லாத ஆள் எலக்ட்ரானிக்ஸ் ரூமுக்கு வேண்டாம் என்றார். அவனைப் பிரஸ் லைனுக்கு அனுப்பினார். எனக்கு இன்னொன்று செய்து காட்டப் பத்து நாள் கொடுத்தார்.

மத்தியானம் எல்லோரும் கேன்டீனுக்குப் போனபோது நான் தனியாக உட்கார்ந்து என் டப்பாவைக் கழற்றினேன். அவன் எங்கே கை வைத்திருப்பான் என்று தேடினேன். கம்பி அறுபடவில்லை, சால்டர் விடவில்லை. பித்தளைக் குழாயை உருவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். லென்ஸ்மேல் மெல்லிசாக மஞ்சள் படர்ந்து காய்ந்திருந்தது. அதில் கட்டைவிரல் ரேகை ஒவ்வொரு கோடாகத் தெரிந்தது. மோந்து பார்த்தேன், சந்தனம். என் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வைத்துப் பார்த்தேன்.

முதலில் எனக்கு என்ன தோன்றியது என்று உள்ளதைச் சொல்கிறேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. அதுதான் தோன்றியது. சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்தேன். கேன்டீன் இருபது அடி தூரம், ஆபீசர் உள்ளேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னால் அந்த நிமிடமே அவனை எலக்ட்ரானிக்ஸ் ரூமில் உட்கார வைப்பார்கள், நான் கோஸ் தோட்டத்துக்குப் போவேன். அப்பாவை நினைத்துத்தான் சொல்லாமல் இருந்தேன் என்று கதை விடலாம். அப்பா ஞாபகம் எனக்கு அப்போது வரவே இல்லை. அவனைத் தூக்கிக் கொண்டாடுவார்களே, அதை நான் நின்று பார்க்கவேண்டுமே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மிச்சம் இருந்த டயோடை வைத்து மறுபடி செய்தேன். நாலு டயோடு ஒத்திகை, மீட்டர், செம்புக் கம்பி, எல்லாம் அவன் செய்த மாதிரியே. புள்ளி அற்புதமாக விழுந்தது. ஆபீசர் ஒருவழியாக என் தோளிலும் தட்டினார். பயிற்சி முடிய மிச்சம் இருந்த இரண்டு மாதமும் அவன் என்னிடம் பேசவில்லை, ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அவனுக்கு ஷிப்டு மாத்திட்டாங்க என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பிரஸ் லைன் ஆட்கள் ஒரு வாரம் முறைத்துவிட்டு அவனோடு மறுபடி ஒட்டிக்கொண்டார்கள். கேன்டீனில் அவனைச் சுற்றி நாலு பேர், சிரிப்புச் சத்தம். கை சுத்தமில்லாதவன் என்று பட்டம் கட்டிய பிறகும் இவனுக்கு மட்டும் எப்படி ஆள் சேர்கிறது என்று, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே எனக்கு எரிந்தது. இதைவிடக் கேவலம் ஏதாவது உண்டா?

பயிற்சி முடிந்து ஐந்து பேருக்கும் கணக்கு முடித்தார்கள். சனிக்கிழமை காலை அவன் ஊருக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியாது. தகரப் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு சேலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், நகரவில்லை.

"சந்தனம்டா. நான் வெச்ச சந்தனந்தான். லென்ஸுல காஞ்சி கெடந்துது. அதான் டல்லா எரிஞ்சுது, அது தெரியாம நான்தான் திருவிக் கொன்னுட்டேன். நீ ஒண்ணும் பண்ணல" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவன் என்னையே பார்த்தான். "எப்பம் தெரிஞ்சுது ஒனக்கு?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது.

"அன்னிக்கு மத்தியானமே."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ் வந்து நின்றது. அவன் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"ஆபீசர்ட்ட சொன்னியாடே?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்து சொல்லுத?" என்று கேட்டுவிட்டு ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் பூராவும் என் கையில் இருந்தது. திங்கட்கிழமை காலை ஆபீசர் நிரந்தர உத்தரவை என் முன்னால் வைத்து, சேருவதற்கு முன்னால் ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டார். ஒன்றுமில்லை சார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.